சிடி, டிவிடி மொத்த நகல்: டவரா, ரோபோவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிடி, டிவிடிகளை நூற்றுக்கணக்கில் நகலெடுக்க என்ன கருவி வாங்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். "டிரைவ் அதிகமாகவும் வேகம் அதிகமாகவும் உள்ள டவரைப் பாருங்கள்" என்று உங்கள் தொழில்நுட்பப் பகுதியில் பதில் வந்திருந்தது. டவர் என்றால் எழுதும் டிரைவ்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நகல் பெட்டி. பதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு போய் வாங்குபவர், பெட்டியைப் பிரித்த இரண்டாவது வாரமே திணறுவார். டவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை தகடு துப்புகிறது என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதில் எத்தனை தகடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேறியது என்பதை வாங்குபவர்தான் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்குக்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எடுக்கப்போகும் தகடுகள் எல்லாவற்றிலும் உள்ளடக்கம் ஒன்றா, ஒவ்வொன்றிலும் வேறா? ஒரே உள்ளடக்கம் ஆயிரத்துக்கு மேல் வேண்டுமென்றால் கருவியே வாங்க வேண்டாம், தகடுகளை வார்த்தெடுக்கும் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடலாம். அங்கே கண்ணாடி மாஸ்டரிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருகிய பாலிகார்பனேட்டை அதில் அழுத்தி, மேலே அலுமினியம் பூசுகிறார்கள். தரவைக் குறிக்கும் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்துவிடுவதால் எந்தப் பழைய பிளேயரும் முரண்டு பிடிக்காது. அச்சு செய்யும் செலவு முழுவதும் முதல் தகட்டின் தலையில் விழுவதால், 500 அல்லது 1,000-க்குக் குறைந்த ஆர்டரைப் பொதுவாக எடுக்கமாட்டார்கள். 50, 200, 400 என்று அவ்வப்போது வரும் வேலைக்குத்தான் லேசரால் சாயப்பூச்சைச் சுட்டு எழுதும் நம் கருவிகள்.

உள்ளடக்கம் தகட்டுக்குத் தகடு மாறுமென்றால் (ஸ்கேன் படங்கள், ஆளுக்கொரு ஆவணத் தொகுப்பு போன்றவை) டவரால் பயனே இல்லை. டவர் ஒரு மூலத்தை எல்லா டிரைவுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றும் குழாய். அதற்கு வேறு வேலை தெரியாது. தகட்டைத் தானே எடுத்து வைத்து, எழுதி, மேலே பெயரும் அச்சடித்து வெளியே போடும் ரோபோ கருவிதான் அந்த வேலைக்குப் பொருந்தும். ஒவ்வொரு தகட்டுக்கும் எந்தக் கோப்பு, எந்தப் பெயர் என்று கணினியிலிருந்து வரிசை கொடுக்கலாம்.

இப்போது கணக்கு. தகடு எழுதும் வேகத்தின் அலகு 'எக்ஸ்'. டிவிடியின் ஒரு எக்ஸ் வேகம் வினாடிக்கு 1.385 எம்.பி. எட்டு எக்ஸில் 11 எம்.பி. சொச்சம். 4.7 ஜி.பி. நிரம்பிய தகட்டுக்கு ஏழு நிமிடம் என்று காகிதம் சொல்லும். உட்பகுதியில் வேகம் குறைவாகத் தொடங்குவது, கடைசியில் ஃபைனலைஸ் செய்வது (எழுதியதை மூடி முடிப்பது) எல்லாம் சேர்ந்தால் ஒன்பது. ஏழு டிரைவ் டவரில் தகடு மாற்ற இரண்டு நிமிடம் என்றால் சுற்றுக்குப் பதினொன்று. மணிக்கு 38 தகடு. விளம்பரத்தில் வரும் எண்ணும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இனி எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும் 'கம்பேர்' வேலையைச் சேர்த்தால் இன்னும் ஏழு நிமிடம் கூடும். சுற்று 18, மணிக்கு 23 தகடு. 500 தகடு வேலை 13 மணி நேரத்திலிருந்து 22 மணி நேரமாகிவிடும். ஆர்டருக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் இரண்டாவது எண்ணை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

16 எக்ஸில் எழுதினால்? டிவிடியில் 16 எக்ஸ் என்பது விளிம்பில் மட்டும் எட்டும் வேகம். தகடு நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுழல்கிறது, ஆனால் உள்வட்டத்தில் அதே சுழற்சிக்குத் தரவு பாதிக்கும் குறைவாகத்தான் ஓடும். அதனால் நேரம் பாதியாவதில்லை, ஒன்பது நிமிடம் ஆறாகக் குறையும். கம்பேரோடு சேர்த்தால் மணிக்கு 23 தகடு 28 ஆகும். இந்த ஐந்து தகட்டு லாபம் கழிவு அதிகமானால் கரைந்துவிடும். 16 எக்ஸ் முத்திரை உள்ள டிவிடியை 8 எக்ஸில் எழுதுவதும், 52 எக்ஸ் சிடியை 16 முதல் 24 எக்ஸுக்குள் எழுதுவதும்தான் இந்தத் தொழிலில் பழகியவர்கள் கைக்கொள்ளும் வழக்கம். அதற்காக 1 எக்ஸ், 2 எக்ஸ் என்று இறங்கவும் கூடாது. இன்றைய சாயப்பூச்சு அவ்வளவு மெதுவான வேகத்துக்குத் தயாரானதல்ல, பல டிரைவ்கள் அந்த வேகத்தைக் காட்டவும் மாட்டா. புளூ-ரேயில் ஒரு எக்ஸ் 4.5 எம்.பி. 25 ஜி.பி. தகட்டை 4 எக்ஸில் எழுத 23 நிமிடம், 6 எக்ஸில் பதினைந்தரை. அங்கே கம்பேர் சேர்த்தால் மணிக்கு ஒரு சுற்றோ இரண்டு சுற்றோதான் ஓடும். அதற்கேற்பத்தான் டிரைவ் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும்.

ரோபோவின் எண்கள் முதலில் பார்ப்பவரைச் சோர்வடையச் செய்யும். இரண்டு டிரைவ் கருவி, எழுத ஒன்பது நிமிடம், ஒப்பிட ஏழு, தகட்டைத் தூக்கும் கை நகர ஒன்று. மணிக்கு ஏழு தகடுதான். ஆனால் நூறு தகடு கொள்ளும் தட்டை மாலை ஆறுக்கு நிரப்பினால் மறுநாள் காலை எட்டரைக்கு முன்பே முடிந்திருக்கும், பக்கத்தில் ஆள் வேண்டாம். டவரோ பதினெட்டு நிமிடத்துக்கொருமுறை கூப்பிடும். ஒருவர் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்க முடியாவிட்டால், மணிக்கு 23 என்பது மணிக்கு 12 ஆகவோ 10 ஆகவோ சுருங்கும். கூலிக்கு ஆள் வைத்து ஓட்டுபவரும், வேறு வேலைக்கு நடுவே தானே ஓட்டுபவரும் ஒரே கருவியை வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

டவர் என்று முடிவான பிறகு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவே எல்லா டிரைவையும் இயக்கும் கன்ட்ரோலர் பலகை, ஒரு ரீடர், ஏழோ பதினொன்றோ ரைட்டர், பவர் சப்ளை. ஹார்ட் டிஸ்க் இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம். மாஸ்டர் தகட்டை (நகலெடுக்க வைத்திருக்கும் மூலத் தகடு) ஒவ்வொரு சுற்றிலும் ரீடரில் ஓடவிட்டால், அதில் விழும் ஒரு கீறல் அன்றைய நகல்கள் எல்லாவற்றிலும் ஏறும். மாஸ்டரை ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாக (தகட்டின் முழு நகல் கோப்பாக) ஏற்றி, அதிலிருந்து எடுத்த முதல் நகலைப் பழைய பிளேயர், கார் பிளேயர், கணினி என்று மூன்று விதமான கருவியில் போட்டுப் பார்த்த பிறகுதான் மொத்த வேலையைத் தொடங்க வேண்டும். மாஸ்டர் தயாரிக்கும்போதே ஒரு கவனம் தேவை. 4.7 ஜி.பி. என்பது 470 கோடி பைட். கணினித் திரையில் அது 4.37 என்றுதான் தெரியும். அதையும் விளிம்புவரை நிரப்பாமல் 200 எம்.பி. போலக் காலியாக விடுங்கள். தகடு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. சாயம் சீரற்றுப் போவதும், தகடு லேசாக வளைந்திருப்பதும் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான். "கடைசிப் பத்து நிமிடம் மட்டும் படம் நிற்கிறது" என்று வரும் புகாரில் பெரும்பங்குக்கு இதுவே காரணம்.

பவர் சப்ளையை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் தனித்தனியாக ஆம்பியர் எழுதியிருக்கும். இரண்டிலும் ஒன்றரை என்று வைத்துக்கொண்டால் ஒரு டிரைவுக்கு உச்சத்தில் 25 வாட். பதினொரு டிரைவ் ஒரே கணத்தில் சுழலத் தொடங்கினால் 280 வாட். பெட்டியின் மேல் 300 வாட் என்று எழுதியிருந்தாலும், 12 வோல்ட் கம்பியில் அதில் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் விஷயம். மலிவான சப்ளை திணறினால் அறிகுறி இப்படி இருக்கும்: மூன்று தகடு மட்டும் போட்டால் எல்லாம் சுத்தமாக முடியும், எல்லா தட்டையும் நிரப்பினால் கீழே உள்ள ஒன்றோ இரண்டோ "தகடு இல்லை" என்று சொல்லி விலகும். டிரைவைக் குறை சொல்லிக் கழற்றி மாற்றுவார்கள், புதிய டிரைவும் அதையே செய்யும். யு.பி.எஸ். வைப்பதும் அவசியம். எழுதும் நடுவே மின்சாரம் போனால் தட்டில் இருக்கும் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குத்தான்.

பழுதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. டிரைவுகளுக்கு மேலிருந்து எண் கொடுத்து, எந்தத் தட்டில் எத்தனை கழிவு என்று தினமும் ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். நான்காம் தட்டு மட்டும் அடிக்கடி தவறினால், நான்கையும் ஐந்தையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பழுது டிரைவோடு ஐந்தாம் இடத்துக்குப் போனால் டிரைவின் லேசர் தளர்ந்திருக்கிறது, அல்லது லென்ஸில் தூசி. நான்காம் இடத்திலேயே நின்றால் கேபிளோ கன்ட்ரோலரின் போர்ட்டோ காரணம். தவறுகள் எந்தத் தட்டிலும் ஒட்டாமல் பரவலாக வந்தால் தகட்டின் பேட்ச்சை (ஆலையில் ஒன்றாகத் தயாரான தொகுதியை) சந்தேகிக்கலாம். தூசிக்குப் பெரும் காரணம் பின்னால் உள்ள மின்விசிறி. அது காற்றை வெளியே தள்ளும்போது முன்பக்கத் தட்டுகளின் இடுக்கு வழியாகத்தான் புதுக் காற்று உள்ளே வருகிறது. டவரைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

டிரைவ்கள் எல்லாம் ஒரே மாடலாகவும் ஒரே ஃபர்ம்வேராகவும் (டிரைவுக்குள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருள்) இருக்கட்டும். ஒவ்வொரு டிவிடியிலும் தயாரிப்பாளர் குறியீடு ஒன்று பதிந்திருக்கும். டிரைவ் அதைப் படித்து, லேசரை எவ்வளவு வலுவாக, எந்தத் துடிப்பில் செலுத்துவது என்ற உத்தியைத் தன் ஃபர்ம்வேரில் தேடுகிறது. பட்டியலில் இல்லாத குறியீடு என்றால் பொதுவான உத்தியால் எழுதும். சில சமயம் 4 எக்ஸுக்கு இறங்கிவிடும், சில சமயம் எழுதி முடித்த பின் படிக்காது. இதனால்தான் ஒரே பெயர் பொறித்த தகடு சென்ற மாதம் நன்றாக வந்து இந்த மாதம் சொதப்புகிறது. உறையில் பெயர் அதேதான், உள்ளே தயாரித்த ஆலை வேறு. ஆயிரம் தகடு வாங்குமுன் இருபத்தைந்து வாங்கி, வாங்கப்போகும் டவரிலேயே எழுதிப் பாருங்கள்.

அப்படி எழுதியதைக் கண்ணால் பார்ப்பதிலும் பயன் உண்டு. தகட்டின் அடிப்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பிடித்தால் எழுதிய பகுதி ஒரு சாயல் மாறித் தெரியும். வேகம் மாறிய இடங்களில் மெல்லிய வளையக் கோடு விழுந்திருக்கும், அது இயல்புதான். விளிம்புக்கு அருகே மேகம் போன்ற திட்டோ, சாயம் எட்டாத பிறை வடிவமோ தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கருவியால் அளக்க வசதி உள்ளவர்களுக்கு, டிவிடியில் பி.ஐ. பிழை (படிக்கும்போது திருத்தப்படும் சிறு பிழைகள்) எட்டு தரவுத் தொகுதிக்கு 280-ஐத் தாண்டக் கூடாது, சிடியில் தொகுதிப் பிழை வினாடிக்கு 220-க்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை. கம்பேரில் தேறிய தகடுகூட இந்த எல்லையை ஒட்டி நிற்கலாம். உங்கள் டிரைவ் அதைப் படித்துவிடும், வாங்கியவரின் பத்தாண்டுப் பழைய பிளேயர் படிக்காது. ஒவ்வொரு கட்டிலும் இரண்டைப் பிழை அளந்து பார்த்தால் போதும்.

ஆடியோ சிடியில் கம்பேரை நம்பிக் குழம்ப வேண்டாம். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒவ்வொரு டிரைவும் ஒலித்தரவை நொடியின் மிகச் சிறு பங்கு முன்பின்னாக நகர்த்தும். காதுக்கு எந்த வித்தியாசமும் இருக்காது, ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் கருவி "பொருந்தவில்லை" என்று சொல்லிவிடும். நல்ல தகட்டைத் தூக்கி எறிவதற்குப் பதில் கேட்டுப் பார்த்தும் பிழை அளந்தும் முடிவு செய்யுங்கள். பாடல்களுக்கு இடையே இரண்டு வினாடி வெற்றிடம் புகுந்தால், மாஸ்டர் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் (தகடு முழுவதையும் இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சில் எழுதுவது) எழுதப்படவில்லை என்று பொருள்.

டிவிடி வாங்கும்போது மைனஸ் ஆரா (DVD-R), பிளஸ் ஆரா (DVD+R) என்ற கேள்வி இன்னும் வருகிறது. இன்றைய பிளேயர்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். மிகப் பழைய பிளேயர்களை நினைத்தால், பிளஸ் ஆர் தகட்டில் 'புக் டைப்'பை (தகடு எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை) டிவிடி-ரோம் என்று மாற்றி எழுத டிரைவ் இடம் தருகிறதா என்று பாருங்கள், மைனஸ் ஆரில் அந்த வசதி கிடையாது. அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. தகட்டை விநியோகத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது ஒளியைத் திருப்புவது 18 முதல் 30 சதவீதம்தான், பழைய பிளேயர்கள் அதைத் தகடென்றே ஒப்புக்கொள்வதில்லை.

ரோபோவில் வரும் தலைவலி வேறு மாதிரி. எழுதுவதில் அல்ல, எடுப்பதில்தான் அது சிக்கும். கை கீழே இறங்கி, 15 மில்லிமீட்டர் நடுத்துளையைப் பிடித்தோ, உறிஞ்சு கிண்ணத்தால் கவ்வியோ மேல் தகட்டைத் தூக்கும்போது அடுத்ததும் ஒட்டிக்கொண்டு வரும். அரை நொடி தொங்கிவிட்டு, சரியாக டிரைவ் தட்டின் மேல் வந்ததும் கழன்று விழும். தட்டு மூடப் பார்த்து முட்டும். மீதித் தொண்ணூறு தகடும் காலைவரை அப்படியே காத்திருக்கும். காரணத்தைத் தகட்டின் அடியில் தேடுங்கள். துளையைச் சுற்றி நகம் வைத்தால் தட்டுப்படும் மெல்லிய மேட்டு வளையம் இருக்கும். அடுக்கும்போது தகடுகளுக்கிடையே காற்று நிற்க வைப்பது அதுதான். மலிவான தகடுகளில் அந்த மேடு தேய்ந்தாற்போல இருக்கும், இரண்டு தகடு கண்ணாடித்தாள் போல ஒட்டும். ஈரக்காற்றில் அச்சுப் பரப்பு பிசுபிசுப்பதும், உலர் காற்றில் நிலைமின்சாரம் சேர்வதும் இதையே செய்யும். இருபத்தைந்து தகடாகப் பிரித்து, விளிம்பை மட்டும் பிடித்து, சீட்டுக்கட்டை விசிறுவதுபோல ஒருமுறை பிரித்துவிட்டுத் தட்டில் வையுங்கள். கழிவுத் தகட்டைத் தனியே போடும் தட்டு இல்லாத கருவியையும் தவிர்த்துவிடுங்கள். நல்லதும் கெட்டதும் ஒரே அடுக்கில் விழுந்தால், எது கெட்டது என்று தேடும் வேலை மறுபடி எழுதுவதைவிடப் பெரிது.

மேலே பெயர் போடுவதில் காகித ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் ஆயிரக்கணக்கான சுழற்சியில் தகடு அதிரும். காகிதம் சுருங்கி விரிந்து தகட்டை வளைக்கும், தகட்டை இடுக்கு வழியே உள்ளிழுக்கும் கார் பிளேயரில் பிரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெள்ளை அச்சுப் பரப்புள்ள தகட்டில் இங்க்ஜெட் போதும். ஈரக் கையால் எடுக்கப்படும் என்றால் நீர் தாங்கும் பரப்புள்ள தகடு வாங்குங்கள், அல்லது வெப்பத்தால் மையைப் பதிக்கும் தெர்மல் அச்சுக்குப் போங்கள். எழுதித் தேறிய பிறகுதான் அச்சடிக்க வேண்டும். கழிவுத் தகட்டுக்கு மை வீணாகாது, ஈர மை டிரைவுக்குள்ளும் போகாது. அச்சடித்ததை உடனே அடுக்கினால் மை மேலே உள்ள தகட்டின் அடியில் ஒட்டும். கையால் எழுதுவதென்றால் நீரில் கரைத்த மை உள்ள மார்க்கர்தான். சிடியில் தரவுப் படலம் மேற்பரப்பின் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், கரைப்பான் கலந்த பேனா அதைத் தின்றுவிடும். டிவிடியில் படலம் இரு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

பழைய டவர் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரோலர் அகல நாடா கேபிள் போடும் ஐ.டி.இ. வகை என்றால் விட்டுவிடுங்கள், அதற்குப் பொருந்தும் புதிய ரைட்டர்கள் இப்போது வருவதில்லை. புதிய மெல்லிய கேபிள் போடும் சாட்டா வகை என்றாலும், கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் இன்று கிடைக்கும் டிரைவ் மாடலை ஏற்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கான மெல்லிய டிரைவைக் கொண்டு டவரின் வேலையைச் செய்யப் பார்க்காதீர்கள். சூடேறி, வேகம் குறைந்து, சில மாதத்தில் ஓய்ந்துவிடும். டவர் வாங்கும் நாளிலேயே அதே மாடலில் இரண்டு டிரைவ் உபரியாக வாங்கி வைப்பது வீண்செலவல்ல. புளூ-ரேக்கு இது தகடுகளுக்கும் பொருந்தும். பானாசோனிக் 2023-இலும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதும் புளூ-ரே தகடு தயாரிப்பதை நிறுத்திவிட்டன. சோதித்துத் தேறிய பேட்ச் கையில் கிடைத்தால், ஓராண்டுத் தேவைக்கு வாங்கி வெளிச்சம் படாத அலமாரியில் நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை வளையும்.

இப்படிக்கு,
தகடு நகலெடுப்புப் பணியில் உள்ள வாசகர்கள்